அறுவை அரங்கின் வேலையைத் தொலைநிலையில் படிக்கலாமா?

அறுவையின்போது மயக்கம் கொடுக்கும் மருத்துவருக்குத் துணை நிற்கும் மயக்கவியல் உதவியாளர் பணியைப் பற்றிச் சென்ற இதழில் சிறு குறிப்பு ஒன்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்கின்றன: வீட்டிலிருந்தபடியே இதைப் படிக்க முடியுமா? அறுவை அரங்குகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்த வேலையைச் செய்து, இப்போது மாணவர்களுக்குக் கற்றுத் தருகிறவன் என்ற முறையில், ஐந்து கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: பிளஸ் டூவில் உயிரியல் பிரிவு படித்தேன். குடும்பச் சூழ்நிலையால் மேலே படிக்க முடியாமல், மூன்று ஆண்டுகளாக ஒரு தனியார் மருத்துவமனையின் தியேட்டரில் உதவியாளராக வேலை செய்கிறேன். ஒரு பயிற்சி நிறுவனத்தார், ஓராண்டில் தொலைநிலை வழியில் அனஸ்தீசியா டிப்ளமோ தருவதாகச் சொல்கிறார்கள். பாடங்கள் கைப்பேசியில் வரும், தேர்வை வீட்டிலிருந்தே எழுதலாம், சான்றிதழ் தபாலில் வந்துவிடும், வேலை நிச்சயம் என்கிறார்கள். ஐஎஸ்ஓ சான்று, "அரசில் பதிவு பெற்றது" என்ற முத்திரைகளையும் காட்டுகிறார்கள். கட்டணம் 48,000 ரூபாய். முன்பணம் 10,000 ரூபாயை இந்த மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டுமாம். அப்பா கடன் வாங்கித் தருகிறேன் என்கிறார். சேரலாமா?
(வாசகி, விழுப்புரம் மாவட்டம்)

பதில்: சேர வேண்டாம் சகோதரி. அப்பாவைக் கடன் வாங்க விடாதீர்கள். மாதக் கடைசி என்று அவர்கள் நெருக்குவதைக் கண்டு பதறவும் வேண்டாம். உண்மையான கல்லூரியின் சேர்க்கைத் தேதி ஊரறிய அறிவிக்கப்படுமே தவிர, உங்கள் கைப்பேசிக்கு மட்டும் தனியாக வராது.

சட்டம் சொல்வதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மருத்துவம், செவிலியம், இயன்முறை மருத்துவம் போன்றவற்றோடு பிற துணை மருத்துவப் படிப்புகளையும் தொலைநிலை வழியில் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு ஏற்கெனவே தடுத்து வைத்திருக்கிறது. இணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்வல்லுநர்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தை 2021-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றியபோது, அதன் அட்டவணையில் மயக்கவியல் உதவியாளர்களும் தொழில்நுட்பவியலாளர்களும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டார்கள். அந்தச் சட்டத்தின்படி, இணைநிலைத் தொழில்வல்லுநர் ஒருவரின் பட்டயமோ பட்டமோ குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பாக, 2 முதல் 4 ஆண்டுகளுக்குள் பருவங்களாகப் பிரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். இந்தச் சட்டத்தின் கீழ் வரும் பாடங்களைத் தொலைநிலையிலோ இணைய வழியிலோ நடத்தக் கூடாது என்று 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து மானியக் குழு மீண்டும் தெளிவாக அறிவித்துவிட்டது. உங்களுக்கு வந்திருக்கும் ஓராண்டுப் படிப்பு, கால அளவு, நடத்தும் முறை ஆகிய இரண்டிலுமே இந்த வரம்புக்குள் வரவில்லை.

அவர்கள் காட்டும் முத்திரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐஎஸ்ஓ சான்று என்பது ஒரு நிறுவனத்தின் நிர்வாக நடைமுறைக்குத் தரப்படுவது. அது படிப்புக்கான அங்கீகாரம் ஆகாது. "அரசில் பதிவு பெற்றது" என்றால், பெரும்பாலும் அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ சிறு தொழிலாகவோ பதிவு செய்திருப்பார்கள். மளிகைக் கடைக்கும் அப்படி ஒரு பதிவு உண்டு. நீங்கள் கேட்க வேண்டியவை இரண்டுதான்: பட்டயத்தை வழங்கும் பல்கலைக்கழகமோ அரசுத் துறையோ எது? எந்த மருத்துவமனையின் எத்தனை தியேட்டர்களில் நேரடிப் பயிற்சி நடக்கும்? இந்த இரண்டையும் எழுத்தில் தரச் சொல்லிப் பாருங்கள்.

சட்டம் இருக்கிறது என்பதற்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. மூன்று ஆண்டுகளாகத் தியேட்டரில் நிற்கிறீர்கள். நான் சொல்லப்போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். நோயாளி மயங்கியதும், மருத்துவர் தொண்டைக்குள் பார்க்க உதவும் விளக்குக் கருவியான லாரிங்கோஸ்கோப்பை இடக்கையில் பிடித்து, குரல்வளையிலிருந்து கண்ணை எடுக்காமல், வலக்கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டுவார். அந்தக் கைக்குள், மூச்சுக்குழாயில் செலுத்தும் டியூப் சரியான பக்கம் வளைந்தபடி, முனை வாயை நோக்கியபடி வந்து அமர வேண்டும். அவர் தலையைத் திருப்பித் தேட நேர்ந்தால், கண்ணுக்கு எட்டியிருந்த குரல்நாண் மறைந்துவிடும். பார்வையை மறுபடி பிடிப்பதற்குள் நோயாளி மூச்சில்லாமல் இருக்கும் நேரம் நீளும். டியூப்பின் பலூனை அதற்கு முன்பே சிரிஞ்சால் ஊதிப் பார்த்திருக்க வேண்டும். லாரிங்கோஸ்கோப்பின் விளக்கை எரியவிட்டுப் பார்த்திருக்க வேண்டும். எச்சிலையும் சளியையும் உறிஞ்சும் சக்ஷன் குழாய் தலையணைக்கு அடியில், இயங்கிக்கொண்டே காத்திருக்க வேண்டும். அரை அளவு சிறிய டியூப் ஒன்று பிரிக்காத உறையோடு பக்கத்தில் இருக்க வேண்டும். இவற்றில் எதையும் மருத்துவர் வாய்விட்டுக் கேட்க மாட்டார்.

இதன் பெயர்களையெல்லாம் கைப்பேசியில் படித்துவிடலாம். ஆனால் கை நீளும் அந்த நொடியைப் பழக, ஒரு மூத்தவர் பக்கத்தில் நின்று உங்கள் மணிக்கட்டைத் திருப்பிவிட வேண்டும். எனக்கு அப்படித் திருப்பிவிட்டவர், அதே தியேட்டரில் முப்பது ஆண்டுகள் பணியாற்றிய ஓர் உதவியாளர். முதல் இரண்டு மாதங்கள் டியூப்பைத் தொடவே விடாமல், காலை ஏழு மணிக்கு மயக்க மெஷினைச் சோதிப்பதை மட்டுமே செய்ய வைத்தார். அழுத்த வால்வை மூடு, நோயாளி பக்கத்து முனையைக் கட்டைவிரலால் அடை, ஆக்சிஜனைப் பாய்ச்சிப் பையை உப்ப வை, அளவுமானி 30-இல் நிற்கிறதா பார். நின்றால் கசிவில்லை, முள் மெல்ல இறங்கினால் எந்த இணைப்பில் கசிகிறது என்று காதை வைத்துத் தேடு. ஒரு நாள், சிலிண்டரை மெஷினோடு பூட்டும் நுகத்துக்குள் வாயு கசியாமல் காக்க இருக்கும் சின்னக் கறுப்பு வளையம் தேய்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. அவர் திட்டவில்லை, அன்று பட்டியலில் முதலில் இருந்த குழந்தையின் பெயரைச் சொல்லி, "இவனுக்காகத்தான் பார்க்கச் சொன்னேன்" என்றார். அந்தப் பெயரை இன்னும் நான் மறக்கவில்லை.

நீங்கள் செய்யக்கூடியது இது. உயிரியல் பிரிவில் தேறியவர் என்பதால் பி.எஸ்சி. அறுவை அரங்கு மற்றும் மயக்கவியல் தொழில்நுட்பப் படிப்புக்கு நீங்கள் விண்ணப்பிக்கலாம். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் நடப்பது அது. மூன்று ஆண்டு வகுப்பும் ஓர் ஆண்டு இன்டர்ன்ஷிப்பும் உண்டு. துணை மருத்துவப் பட்டப் படிப்புகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு, மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக் குழு ஆண்டுதோறும் விண்ணப்பம் கோரி, பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் கலந்தாய்வு நடத்துகிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஓராண்டு மயக்கவியல் சான்றிதழ்ப் படிப்பும் நடந்து வந்திருக்கிறது. செலவு குறைவு, பயிற்சி முழுக்கத் தியேட்டரிலேயே. ஆனால் 2,000 மணி நேர விதி வந்துவிட்டதால், அதில் சேரும் முன் புதிய சட்டப்படி பதிவு கிடைக்குமா என்று கல்லூரியிலேயே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நான்கு ஆண்டு வருமானம் இல்லாமல் இருப்பது உங்கள் வீட்டுக்கு எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும். கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், அப்பாவின் கடன் இந்தப் படிப்புக்கானதாக இருக்கட்டும்.

கேள்வி: கனடாவில் ஒரு பல்கலைக்கழகம் மயக்கவியல் உதவியாளர் படிப்பைத் தொலைநிலையிலேயே நடத்துவதாக டொராண்டோவில் இருக்கும் என் மைத்துனர் சொல்கிறார். வளர்ந்த நாட்டில் அனுமதிப்பதை நம் நாட்டில் மட்டும் ஏன் தடுக்கிறார்கள்? இங்கே பி.எஸ்சி. முடித்த என் மகள் அதில் சேர முடியுமா?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: உங்கள் மைத்துனர் சொல்வது உண்மைதான். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் காம்லூப்ஸ் நகரில் உள்ள தாம்சன் ரிவர்ஸ் பல்கலைக்கழகம் அப்படி ஒரு படிப்பை நடத்துகிறது. ஆனால் அங்கே தொலைவிலிருந்து கற்பிப்பது எதை, யாருக்கு என்பதைப் பார்த்தால் உங்கள் முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

கனடாவில் பிளஸ் டூ முடித்தவர் நேராக மயக்கவியல் உதவியாளர் ஆக முடியாது. ஏற்கெனவே உரிமம் பெற்ற சுவாச சிகிச்சையாளராகவோ பதிவு பெற்ற செவிலியராகவோ இருப்பவர்தான், பணி அனுபவத்துக்குப் பிறகு, கூடுதல் தகுதியாக இதைப் படிக்கிறார். அதாவது, மூச்சுக் குழாயையும் வென்டிலேட்டரையும் பல ஆண்டுகள் கையாண்டவர்களே அந்த வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களுக்கு மருந்தியல், உடலியங்கியல், மயக்கக் கருவிகளின் இயக்கம் ஆகிய பாடங்கள் இணைய வழியில் வருகின்றன; நேரடிப் பயிற்சியோ மருத்துவமனையில், தேர்ந்தவர்களின் மேற்பார்வையில்தான் நடக்கிறது. நாடு பரந்தது, ஊர்கள் தூரதூரமாக இருக்கின்றன. வடக்கே ஒரு சிற்றூர் மருத்துவமனையில் இருக்கும் சுவாச சிகிச்சையாளர் வேலையை விட்டுவிட்டு ஈராண்டு நகரத்துக்குப் போய்த் தங்க முடியாது என்ற தேவை அவர்களுக்கு உண்டு. ஆக, அங்கேயும் தொலைநிலைக்கு விடப்பட்டிருப்பது ஏட்டுப் பகுதி மட்டுமே. டொராண்டோவில் மிச்னர் கல்வி நிறுவனமும் இதே தகுதிக்கான படிப்பை நடத்துகிறது. கியூபெக் மாகாணத்தின் வழி வேறு. அங்கே சுவாச சிகிச்சையாளரின் அடிப்படைப் படிப்பிலேயே மயக்கவியல் உதவியும் சேர்ந்திருக்கிறது.

தியேட்டரில் ஏற்கெனவே பயிற்சி பெற்று, பட்டமும் பதிவும் கையில் இருப்பவர்களுக்கு, மேற்படிப்பின் ஏட்டுப் பகுதியை இணையத்தில் தருவதை நான் மனதார வரவேற்பேன். நம் மாவட்ட மருத்துவமனைகளில் இருபது ஆண்டு அனுபவத்தோடு இருப்பவர்கள் புதிய மானிட்டர்களையும் புதிய மருந்துகளையும் முறையாகக் கற்க அப்படி ஒரு வழி தேவை என்பது என் கருத்து. ஆனால் அந்த வழி தியேட்டருக்குள்ளிருந்து தொடங்க வேண்டும். தியேட்டரையே பார்க்காதவருக்குக் குறுக்கு வழியாக அமைந்துவிடக் கூடாது.

உங்கள் மகளுக்கு: இங்கே பெற்ற மயக்கவியல் தொழில்நுட்பப் பட்டத்தை மட்டும் வைத்து அந்தப் படிப்பில் நேரடியாகச் சேரலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம். முதலில் அந்நாட்டில் சுவாச சிகிச்சையாளராகவோ செவிலியராகவோ பதிவு பெறும் தகுதி வேண்டும். ஒன்ராறியோ மாகாணத்தில் சுவாச சிகிச்சை, சட்டப்படி ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில். அதன் ஒழுங்காற்று அமைப்பு வெளிநாட்டில் படித்தவர்களின் தகுதியைத் தனியாக மதிப்பிடுகிறது. எந்த முகவருக்கும் பணம் கொடுப்பதற்கு முன், பாடத்திட்டத்தையும் பயிற்சி மணிநேரக் கணக்கையும் உங்கள் மகள் அந்த அமைப்புக்கே அனுப்பிக் கேட்கட்டும். அமெரிக்காவில் இதை ஒத்த பெயரில் இருக்கும் பணியை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது முதுநிலைப் பட்டம் கேட்கும் வேறொரு தொழில்.

கேள்வி: பன்னிரண்டு ஆண்டுகளாக ஓடி (அறுவை அரங்கு) டெக்னீஷியனாக இருக்கிறேன். எங்கள் மருத்துவமனையில் மயக்க மருந்து டாக்டர் வெளியிலிருந்து வருகிறவர். அவர் வரத் தாமதமானால், "நீதான் தினமும் பார்க்கிறாயே, ஊசியைப் போட்டுவிடு" என்று என்னிடம் சொல்கிறார்கள். இரண்டு முறை போட்டிருக்கிறேன். ஒரு தொலைநிலைச் சான்றிதழாவது கையில் இருந்தால் எனக்குப் பாதுகாப்பாக இருக்குமா?
(வாசகர், ஊர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

பதில்: இருக்காது. இதை எழுதும்போது உங்கள் மேல் கோபம் வரவில்லை, கவலைதான் வருகிறது. ஆகையால் மறைக்காமல் சொல்கிறேன்.

தொலைநிலைச் சான்றிதழ் இருக்கட்டும், நான்கு ஆண்டு பி.எஸ்சி. பட்டமே இருந்தாலும் தனித்து மயக்கம் கொடுக்கும் உரிமை நம் நாட்டில் உங்களுக்குக் கிடையாது, எனக்கும் கிடையாது. அது மயக்கவியல் படித்த மருத்துவரின் பணி. உதவியாளர் மெஷினைச் சோதிப்பார், மருந்துகளை எடுத்து வைப்பார், மருத்துவர் சொல்லும்போது சொன்னதைச் செய்வார், அளவுகளைக் கவனித்து அறிவிப்பார். மருந்தைத் தேர்ந்து, அளவைத் தீர்மானித்து, விளைவுக்குப் பொறுப்பேற்பது மருத்துவர். போட்ட மருந்தால் நோயாளியின் மூச்சு நின்று, டியூப் உள்ளே போகவில்லை என்றால், அந்தச் சில நிமிடங்களில் என்ன செய்வீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். இரண்டு முறை நல்லபடியாக முடிந்தது அந்த நோயாளிகளின் நல்லகாலம். மூன்றாவது முறைக்கு அது உத்தரவாதம் ஆகாது. ஏதேனும் நடந்துவிட்டால், "போட்டுவிடு" என்று சொன்னவரின் வாய்ச்சொல்லுக்குச் சாட்சி இருக்காது. சிரிஞ்சு உங்கள் கையில் இருந்தது என்பதற்கு எல்லாரும் சாட்சி சொல்வார்கள்.

அடுத்த முறை சொன்னால், அமைதியாக, "ஐயா, எல்லாவற்றையும் தயாராக வைத்திருக்கிறேன், டாக்டர் வந்ததும் ஆரம்பிக்கலாம்" என்று சொல்லுங்கள். டாக்டரை அழைத்த நேரத்தையும் அவர் வந்து சேர்ந்த நேரத்தையும் தியேட்டர் பதிவேட்டில் எழுதுங்கள். உலக சுகாதார அமைப்பு 2008-இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலின் முதல் பகுதி, மயக்கம் கொடுப்பதற்கு முன்பே நிரப்ப வேண்டியது. மயக்கக் கருவியும் மருந்துகளும் சோதிக்கப்பட்டனவா, மூச்சுக்குழாய் சிக்கலானதா, ஒவ்வாமை உண்டா என்று அது கேட்கிறது. அந்தத் தாளை உங்கள் தியேட்டரில் தினமும் நிரப்பும் வழக்கத்தைக் கொண்டுவாருங்கள். "முடியாது" என்று ஒரு டெக்னீஷியன் தனியாளாகச் சொல்வது கடினம்; "தாளில் இந்த இடம் இன்னும் நிரம்பவில்லை" என்று சொல்வது எளிது. அதற்குப் பிறகும் வற்புறுத்தினால், வேறு இடம் தேடுங்கள். பன்னிரண்டு ஆண்டு அனுபவமுள்ளவருக்கு இடம் கிடைக்கும்.

கேள்வி: என் மகன் பிளஸ் டூவில் கணிதமும் கணினி அறிவியலும் எடுத்தவன். இந்தப் படிப்பில் சேர முடியுமா?
(வாசகி, சிவகாசி)

பதில்: முடியாது அம்மா. இயற்பியல், வேதியியலோடு உயிரியலோ, தாவரவியலும் விலங்கியலுமோ படித்திருக்க வேண்டும். கணினிப் பிரிவினரையும் சேர்த்துக்கொள்கிறோம் என்று யாராவது சொன்னால், அது முதல் கடிதத்தில் கண்ட வகையாகத்தான் இருக்கும்.

கேள்வி: இந்த ஆண்டுதான் பி.எஸ்சி. மயக்கவியல் தொழில்நுட்பத்தில் சேர்ந்திருக்கிறேன். விடுதி கிடைக்காமல் தினமும் பேருந்தில் இரண்டு மணி நேரம் போய்வருகிறேன். வீட்டிலும் பயணத்திலும் நானாகப் படிக்கக்கூடியது என்ன?
(மாணவி, தஞ்சாவூர் மாவட்டம்)

பதில்: இந்த வாரம் வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் மகிழ்ச்சி தந்தது உங்களுடையதுதான். தொலைவிலிருந்து படிப்பதற்கு உரிய இடம் இதுவே.

உலக மயக்கவியல் சங்கங்களின் கூட்டமைப்பு, வாரப் பாடம் என்ற பெயரில் சிறு கட்டுரைகளை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. மருத்துவர்களுக்காக எழுதப்பட்டவை, முதலில் கடினமாக இருக்கும். கருவிகளைப் பற்றியவற்றை மட்டும் எடுத்து, ஒன்றை ஒரு வாரம் வைத்துப் படியுங்கள். சிரிஞ்சுகளில் ஒட்டும் வண்ணச் சீட்டுகளை மனப்பாடம் செய்யுங்கள்: தசைத் தளர்வு மருந்துக்குச் சிவப்பு, ஓபியாய்டு வலிநீக்கிக்கு நீலம், மயக்கத்தைத் தொடங்கும் மருந்துக்கு மஞ்சள். குழந்தைகளின் டியூப் அளவுக்கு, வயதை 4-ஆல் வகுத்து 4-ஐக் கூட்டும் கணக்கைப் பேருந்தில் ஏறும் குழந்தைகளைப் பார்த்தே போட்டுப் பழகலாம். நானும் அப்படித்தான் பழகினேன். நான்கு வயதுக் குழந்தை என்றால் 5 மி.மீ. உள்விட்டம். அதன் மேலும் கீழும் அரை அளவுகளும் தட்டில் இருக்க வேண்டும். இந்தக் கணக்கு பலூன் இல்லாத டியூப்புக்கானது என்பதை மறக்க வேண்டாம்.

வீட்டில் எடைத் தட்டு இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். வயிற்றிலிருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகாமல் தடுக்க, மருத்துவர் கேட்கும்போது கழுத்தின் வளையக் குருத்தெலும்பை உதவியாளர் அழுத்துவார். 1961-இல் செலிக் என்ற மயக்கவியல் மருத்துவர் விவரித்த முறை அது. நோயாளி மயங்கியபின் அதற்கு ஏறத்தாழ 3 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் வேண்டும். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தட்டை அழுத்தி, எண்ணைப் பார்க்காமலே 3 கிலோவில் நிறுத்த விரலைப் பழக்குங்கள். குருத்தெலும்பு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் தியேட்டரில் உங்கள் ஆசிரியர் கையைப் பிடித்துக் காட்டட்டும். நீங்களாக யார் கழுத்திலும் அழுத்திப் பார்க்க வேண்டாம்.

சிலிண்டர் கணக்கையும் போடுங்கள். கறுப்பு உடலும் வெள்ளைத் தோளும் கொண்ட பி டைப் ஆக்சிஜன் சிலிண்டர் நிரம்பியிருந்தால் ஏறத்தாழ 1,500 லிட்டர். அழுத்தம் ஏறத்தாழ 2,000 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு). அளவுமானி 1,000 காட்டினால் பாதி, அதாவது 750 லிட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர் வீதம் போனால் 150 நிமிடம் வரும். நீல நிற நைட்ரஸ் ஆக்சைடு சிலிண்டருக்கு இந்தக் கணக்கு செல்லாது. அது உள்ளே திரவமாக இருப்பதால், திரவம் தீரும்வரை முள் 750 பிஎஸ்ஐயை ஒட்டியே நிற்கும்; பிறகு சட்டென்று விழும். எவ்வளவு மிச்சம் என்பதை எடை போட்டுத்தான் அறிய முடியும். நாளைக் காலையில் தியேட்டருக்குப் போனதும் இரண்டு முள்களையும் பார்த்து நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அறுவை முடிந்தபின் மறுபடி பாருங்கள்.